கல் குவாரியில் ஒரு மதியம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் மழை பொய்த்தபோது, பேரிகை என்ற ஊர்ப் பக்கம் கல் குவாரிக்கு வேலைக்குப் போனேன். சாலை போடுவதற்கு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். "நம்ம வூட்டுப் பொம்பள கல்லு சொமக்கறதா?" என்று மாமனார் கத்தினார். வீட்டில் அடுப்பு எரியாத நாளில் அவரும் வாயை மூடிக்கொண்டார்.

ஏழு மாதக் கைக்குழந்தையைக் குவாரி ஓரத்துப் புங்கமரத்தில் தூளி கட்டிப் படுக்க வைப்பேன். பாறைக்கு வெடி வைக்குமுன் விசில் ஊதுவார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தூர ஓடுவோம். பிறகுதான் திரி பற்றவைப்பார்கள்.

அன்று லாரி காத்திருந்தது. மேஸ்திரிக்கு அவசரம். விசில் சத்தமும் திரியின் புகையும் ஒன்றாக வந்தன.

மற்றவர்கள் பக்கத்தில் இருந்த பிள்ளைகளை வாரிக்கொண்டு மறுபக்கம் ஓடினார்கள். நான் மரத்தைப் பார்த்து ஓடினேன். என்னோடு கல் உடைக்கும் தெலுங்குக்கார அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வத்து! வேணாம், போவாத!"

உதறிக்கொண்டு போய்க் குழந்தையை வாரி எடுத்தேன். திரும்பி ஓட நேரமில்லை. பக்கத்துப் பாறைக்குப் பின்னால் குழந்தையை அடியில் போட்டு அதன்மேல் கவிழ்ந்தேன். நிலம் அதிர்ந்தது. தேங்காய் அளவு கல் ஒன்று மரக்கிளையை முறித்து விழுந்தது. புழுதி அடங்கியும் குழந்தை அழவில்லை. மூக்கருகே விரல் வைத்தேன், மூச்சு சுட்டது. பிறகுதான் அது வீறிட்டது.

மேஸ்திரி ஓடிவந்தார். "புள்ளையத் தூக்கினு வரவளுக்கு நாளையில இருந்து வேலை இல்ல!"

அந்த அக்கா சுத்தியலைக் கீழே போட்டாள். "புள்ளைங்கள வேற எங்க வுட்டுட்டு வரது மேஸ்திரி? உங்க வூட்லயா?"

அவள் உட்கார்ந்ததும் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தோம். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது? மேஸ்திரி திட்டினார், கெஞ்சினார், லாரி டிரைவரிடம் போய்ப் பேசினார். பொழுது சாயும்வரை ஒரு கூடை ஜல்லி ஏறவில்லை.

கடைசியில் யாரையும் வேலையை விட்டு நிறுத்துவதில்லை என்றும், பிள்ளைகளுக்கு வெடி எட்டாத மேட்டில் ஓலைக் கொட்டகை போடுவதாகவும் ஒத்துக்கொண்டார். பிள்ளைகளைப் பார்க்க ஆள் தரவில்லை. எங்களுக்குள்ளேயே முறைபோட்டுக்கொண்டோம்.

விஷயம் எனக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தது.

"நாளைக்கும் போறியா?" என்றார் மாமனார்.

"போறேன் மாமா."

அந்த வருஷம் முழுக்க அவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் வாங்கிவந்த கேழ்வரகில்தான் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம்.