தோடும் கச்சானும்

பசறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் படிப்பித்த தொண்ணூறுகளில், பதுளையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் அடிக்கடி என் பக்கத்தில் உட்காருவாள். ஒல்லியான உடம்பு. வாயில் பாதிப் பல் கிடையாது. அதனால் சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

ஆனால் காது மட்டும் ஜொலிக்கும். தீபாவளிக்குத் தோட்டத்தில் தரும் அட்வான்ஸோடு பழைய தோட்டையும் நகைக்கடையில் கொடுத்து, ஒவ்வொரு முறையும் அதைவிடப் பெரிதாக மாற்றி வருவாள். மாதச் சம்பளக்காரி என் காதில் பொட்டுத் தங்கம்தான். எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலிலேயே சீட்டுக் கட்டினேன், வாயைக் கட்டினேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த பிறகுதான் இரண்டு வளையல் சேர்ந்தது.

அதை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிய அன்று, அவள் காதில் வெறும் ஈர்க்குச்சி இருந்தது.

"தோடு அடகுல இருக்கா?" என்றேன். சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

"வித்துட்டேங்க டீச்சர். பல்லு கட்டிக்கிட்டேன்." வாயை அகலத் திறந்து காட்டினாள். "இத்தன வருசமா ஊரு பாக்கத்தான் போட்டேன். இனி நான் நல்லாத் திங்கணும்ல?"

வறுத்த கச்சான் கடலைச் சுருளை என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்றேன். வளையலுக்குச் சேர்த்த காலத்தில் வைத்தியம் பார்க்காமல் விட்ட கடைவாய்ப் பல் அன்றும் குத்திக்கொண்டிருந்தது.

பசறை வரும்வரை அவள் நறுக்கு நறுக்கென்று மென்றாள், வாயைப் பொத்தாமல் சிரித்தாள். வளையல் போட்ட கையால் நான் கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்தேன்.