பல்லம்மாவின் குட்டி அத்தி

பல்லம்மா முதலில் சுண்டுவிரலைத் தொட்டி மண்ணில் நுழைத்துப் பார்ப்பார். ஈரம் போதாது என்று பட்டால், "தாகமா இருக்கு போல" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீரை உறிஞ்சி, வேரோரமாகச் சொட்டுச் சொட்டாக விடுவார். சரியாக அந்த நேரம் பார்த்து, உள்ளறையில் படுத்திருக்கும் அவருடைய அப்பா மடக் மடக்கென்று எதையோ விழுங்குவது கேட்கும். அவருக்குத் தண்ணீர் கொடுக்க வீட்டில் வேறு ஆளே கிடையாது.

பல் செட் செய்வது தொழில் என்பதால் தெருவில் அந்தப் பெயர். முன்னறைதான் பட்டறை. ரோஸ் மெழுகு, பிளாஸ்டர் மாவு, அலமாரியில் யார் யாருடைய வாய்களோ வரிசையாகத் திறந்தபடி. அவற்றுக்கு நடுவே, சோப்பு டப்பா அளவுத் தொட்டியில் ஒரு சாண் உயர அத்தி மரம். அடிமரம் கிழத்தோலாகச் சுருங்கியிருக்கும். ஒரு கிளையில் மட்டும் கம்பி சுற்றி, உள்பக்கமாக வளைத்துவிட்டிருக்கிறார். பல் செட்டுக்குக் கொக்கி வளைக்கிற அதே குறடுதான்.

"அப்பா ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டார்னு டாக்டர் கையை விரிச்ச அன்னிக்குத்தான் இதை வாங்கிட்டு வந்தேன் அண்ணே. எத்தனை வருஷம் ஓடிப்போச்சு பாருங்க!"

வெளிச்சம் எல்லாப் பக்கமும் படட்டும் என்று தினமும் தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைப்பார். உள்ளே கட்டில் கிறீச்சிடும். பழைய கட்டில், அப்படித்தான் இருக்கும் என்று முதலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் கீழ்ப்பல் செட் ஈறைக் கடித்துக்கொண்டே இருந்ததால் அடிக்கடி போக வேண்டியிருந்தது. தொட்டி திரும்பும்போதெல்லாம் கட்டிலும் கிறீச்சிட, சமாதானம் தீர்ந்துபோயிற்று.

போன வாரம் என் பற்களைக் கழற்றி வாங்கிக்கொண்டு அரம் போட ஆரம்பித்தார். நான் பொக்கை வாயோடு காத்திருந்தேன். "தம்பி, கொஞ்சம் உள்ள வாங்க" என்று ஒரு குரல். என்னைத் தம்பி என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருப்பவர் அந்தப் பெரியவர் ஒருவர்தான். எழுந்து போனேன்.

ஆள் பாதியாகச் சுருங்கிக் கிடந்தார். வலது கை முழங்கையில் மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அந்தக் கை முழுவதும் சுற்றுச் சுற்றாகத் தழும்பு.

"அவ நல்லவ தம்பி. செடி அழகா இருக்கட்டும்னுதான் கம்பி போட்டா. ஆனா எனக்குப் போதும். இனிமே தண்ணி விட வேண்டாம்னு சொல்லுங்க. நான் சொன்னா அழுவா."

இதைப் பல்லில்லாத வாயால் சொல்ல நேர்ந்தது என் தலையெழுத்து. முன்னறைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, பல்லம்மாவிடம் குழறிக் குழறிச் சொன்னேன். பாதிதான் புரியும் என்று நினைத்தேன். முழுதும் புரிந்துவிட்டது.

அரத்தின் சத்தம் நின்றது. "அந்தக் கையை நானும் பார்த்துட்டுத்தானே இருக்கேன் அண்ணே," என்றார் பல்லம்மா. "கம்பிய எடுத்தா மொத்தமா விட்டுப் போயிடுவாரோன்னு பயம். அவரும் போயிட்டா எனக்கு யார் இருக்கா?"

பாவமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றும் இருந்தது. என் பற்கள் அவர் கையில் இருந்தன.

அவற்றைக் கீழே வைத்துவிட்டு, வழக்கம்போல் சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றினார். மண்ணருகே கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது. பிறகு தண்ணீர் முழுவதையும் வாஷ்பேசினில் பீய்ச்சிவிட்டு, கம்பி வளைக்கும் குறட்டைக் கையில் எடுத்தார்.

கிளை நுனியிலிருந்து ஒரு சுற்றுப் பிரித்தார். உள்ளே எலும்பு சொடுக்கியது. இன்னொரு சுற்று. நீண்ட பெருமூச்சு ஒன்று கேட்டது. மடங்கியே கிடந்த கை நீண்டு கட்டில் சட்டத்தில் இடித்தது.

பல்லம்மா திரும்பிப் பார்க்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த சுற்றைக் குறட்டால் பிடித்தார்.