முடி காணிக்கை என்றேன்

நான் பொய் சொன்னேன். அம்மன் பேரால் சொன்னேன். அந்தப் பொய்யால் என் மனைவி பார்வதி உயிரோடு பிணமாகக் கிடந்தாள்!

நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு மார்பில் புற்று. கண்டிக்குப் போய் மருந்து ஏற்றினோம். முடி கொட்டியது. மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்த நேரம்... தாயின் நோய் மகளுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டால்? அம்மனுக்கு முடி காணிக்கை என்று தோட்டத்து லயத்தில் வீடு வீடாகச் சொன்னேன். தினமும் கோயிலில் விளக்கு வைக்கிறவன் வார்த்தையை யார் சந்தேகப்படுவார்கள்?

ஒருநாள் காலை அவளுக்குக் குடல்வால் வலி. கந்தப்பளையிலிருந்து சம்பந்தியின் ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மயக்க மருந்து டாக்டர் அவள் மொட்டைத் தலையைப் பார்த்தார்.

"வேற மருந்து ஏதும் எடுக்கிறாங்களா?"

பக்கத்தில் சம்பந்தி.

"நேத்திக்கடனுங்க டாக்டர். மருந்தெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"எங்க சம்பந்தியம்மா காய்ச்சலுக்கே திருநீறுதான் பூசுவாங்க!" என்று சிரித்தார் சம்பந்தி.

ஆபரேஷன் முடிந்தது. அவள் அசையவில்லை. மூச்சுக்கு மெஷின். டாக்டர் மறுபடி வந்து கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன்... எப்படி எனக்கு வாய் வந்தது?

பார்க்க உள்ளே விட்டார்கள். அவள் காதருகே குனிந்தேன்.

"மருந்து ஏத்துனத நான் சொல்லல புள்ள. கல்யாணம் முடியட்டும். பொறுத்துக்க."

மூடிய கண்ணிலிருந்து ஒரு துளி காதுக்குள் வழிந்தது.

சில மணி நேரம் கழித்துத்தான் அவள் கை கால் அசைந்து எழுந்தாள். பிற்பாடு கண்டி டாக்டரிடம், யாருக்கோ நடந்ததுபோல் விசாரித்தேன். ஆபரேஷனுக்குத் தசைகளைத் தளர்த்த ஓர் ஊசி உண்டாம். சில நிமிடங்களில் விட்டுவிடுமாம். சில புற்றுநோய் மருந்துகள் ஏறிய உடம்பை அது எளிதில் விடாதாம். மயக்கம் தெளிந்தாலும் இமையைக்கூட அசைக்க முடியாதாம்.

"காது கேக்குமா டாக்டர்?"

"கேக்கும்."

கல்யாணம் நடந்தது. வருகிறவர்களிடம் பார்வதி அந்த நாளைச் சொல்வாள். மெஷின் மூச்சுவிட்ட சத்தம், ஊசி போட வந்த மிஸி தன் மாமியாரைத் திட்டியது... ஒரு சொல் தப்பாது!

"அப்புறம் இவங்க வந்து குனிஞ்சாங்க."

"என்ன சொன்னாரு?" என்பார் சம்பந்தி.

"அது மட்டும் காதுல விழல." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள்.

இப்போது முடி தோள்வரை வளர்ந்திருக்கிறது. நேற்று விளக்கேற்றும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"நேந்துக்கிட்டது நீங்கதானே? நெசமாவே குடுத்துருவோமா?"

கூப்பிய கையோடு நின்றேன். அம்மனையும் பார்க்க முடியவில்லை, அவளையும் பார்க்க முடியவில்லை... நாக்கு அசையவே இல்லை.