கழலாத மோதிரம்

வல்லம் சுப்பிரமணியின் மூத்த மகன் எல்லப்பனுக்கு ஒரகடம் கார் கம்பெனியில் வேலை. அவன் வாய்க்கு மட்டும் பங்குச் சந்தையில் வேலை. கேன்டீனில் சாம்பார் ஆறிவிடும், அவன் பேச்சு ஆறாது. "தங்கம் பீரோல தூங்கற பணம். ஷேரு ஓடற பணம்" என்பான். அவன் வம்சத்தில் அதுவரை எவனும் வாங்கிய பங்கு, தீபாவளிக்கு ஆட்டுக்கறிப் பங்குதான்.

போனஸ்தோறும் மனைவி சசிரேகா சேர்த்த தங்கக் காசுகளை விற்றான். தங்கை மகளின் காதுகுத்துக்கென்று வாங்கி வைத்திருந்த கம்மலையும் விற்றான். எல்லாம் ஷேரானது. மாமனார் போட்ட கல்யாண மோதிரத்தையும் கழற்றப் பார்த்தான். ராத்திரி ஓவர்டைம், அதாவது ஓ.டி., பார்த்துத் தின்ற பரோட்டாவில் விரல் பருத்திருந்தது. சோப்பு போட்டும் வரவில்லை. "கெடக்கட்டும் சனியன்" என்று விட்டுவிட்டான்.

பிறகு சந்தை விழுந்தது. ஓடற பணம் ஓடியே போனது. தங்கமோ ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. விஷயம் தெரிந்த சசிரேகா ஒரு வாரம் குழம்பில் உப்பே போடவில்லை.

குன்றத்தூர் மலைக்கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் தங்கக் கம்மல் கொண்டுவந்தால்தான் குழந்தை அவன் மடியில் உட்காரும். இல்லையென்றால் மடி கொடுக்கப் பெரியப்பன் மகன் லோகேஷ் இருக்கிறான்; அவனும் மாமன் முறைதான், பட்டு வேட்டியோடு வந்திருந்தான். மடி மாறினால், அதற்கப்புறம் அந்த வீட்டு விசேஷங்களில் எல்லப்பன் பந்திக்கு வந்த ஆள்தான்.

தங்கை ராஜாமணி கை நீட்டினாள். "கம்மல் எங்கண்ணா?"

"பாப்பாவுக்குன்னு ஷேர் வாங்கிகீறேன்மா. மார்க்கெட் ஏறட்டும், பத்து ஜோடி போடறேன்."

"அதுவரைக்கும் பாப்பா காதுல இன்னா தொங்கும், உன் போனா?"

சிரிப்பு படிக்கட்டு வரை இறங்கியது. லோகேஷ் சம்மணம் போட்டு உட்கார்ந்தேவிட்டான்.

சசிரேகா புருஷன் கையைப் பிடித்து, காது குத்த வந்த நகைப் பத்தர் முன்னால் நீட்டினாள். "வெட்டுங்க."

"விரலையாம்மா?"

"மோதிரத்த. விரல் ஓ.டி.க்கு வோணும்."

பத்தர் மோதிரத்தை வெட்டி எடுத்து, நிறுத்துப் பார்த்து, ஈடாகப் பையிலிருந்து ஒரு ஜோடிக் கம்மலைக் கொடுத்தார். குழந்தை எல்லப்பன் மடிக்கு வந்தது. ஊசி பட்டதும் வீறிட்டு அவன் வேட்டியை நனைத்தது. அவன் அசையவில்லை; லோகேஷ் எழுந்து போகும்வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான்.

பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார், "இப்ப தங்கம் வாங்கலாமா தம்பி?" எல்லப்பன் தொண்டையைச் செருமினான்.

சசிரேகா அவன் இலையில் இன்னொரு வடையை வைத்தாள். "பேசாம துண்ணுய்யா. விரல் பருத்தாதான் நம்ம வூட்ல தங்கம் நிக்கும்."