துரையிடம் நான் பேசிய ஆங்கிலம்

கல்லூரியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஏதாவது புத்தி சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், நான் தயங்காமல் எடுத்துவிடுகிற சில விஷயங்கள் உண்டு. வகுப்பில் கடைசி வாங்குப் பலகையில் போய் உட்காராதீர்கள். புரியாததற்குத் தலையாட்டாதீர்கள். விடுதிச் சோற்றை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், ஆனால் மூன்று வேளையும் சாப்பிடுங்கள். காலில் போடும் சப்பாத்து நனைந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் காயவைக்காதீர்கள். நான் ஒரு நல்ல சோடியை அப்படித்தான் பாழாக்கினேன். இதையெல்லாம் சொல்லிவிட்டு, உண்மையில் சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் விழுங்கிவிடுவேன். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கம். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா குருவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். பால் வெட்டும் ஆட்களை மலைக்கு அனுப்பி மேற்பார்வை செய்கிற வேலை. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து அறையில் ஆரம்பித்து, பதினெட்டு வருடம் உழைத்து அந்த இடத்துக்கு வந்தவர். அந்த உத்தியோகத்தோடு இரண்டு அறையும் ஓட்டுக் கூரையும் உள்ள ஒரு தனி வீடு கிடைத்தது. குடை பிடிக்கும் உரிமையும் கிடைத்தது. தோட்டத்தில் ஆட்கள் மழைக்குக் கம்பளியைத்தான் தலையில் போட்டுக்கொள்வார்கள். குடை என்பது கணக்கப்பிள்ளை வீட்டோடு சரி. அந்தக் குடைக்கும் ஒரு சட்டம் இருந்தது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரரான துரை எதிரே வந்தால் குடையை மடக்கிவிட்டு, பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கி நிற்க வேண்டும். எப்படிப்பட்ட மழையானாலும் அவர் கடந்துபோகும்வரை நனைய வேண்டும். யாரும் எனக்கு அதைக் கற்றுத் தரவில்லை. நடக்கப் பழகியபோதே அதுவும் பழகிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் கொழும்பில் கல்லூரிக்குப் போனேன். எங்கள் தோட்டத்தில் அதற்கு முன் யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. நான் சேருவதற்கு நற்சான்றுக் கடிதம் எழுதித் தந்தவர் எங்கள் துரைதான். இதையும் சொல்லியாக வேண்டும். அவரைக் கொடுங்கோலராகக் காட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர் கோபக்காரர், பொய் சொன்னால் பொறுக்க மாட்டார், மற்றபடி எங்களுக்குக் கெடுதல் செய்தவர் அல்லர்.

கல்லூரி தொடங்கி இரண்டாவது வாரம் என்று நினைக்கிறேன். நல்ல மழை. விடுதியிலிருந்து வகுப்புக்குப் போகும் பாதையில் எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் எதிரே வந்தார், வெள்ளைக்காரர். என் கை தானாகக் குடையை மடக்கியது. கால் தானாகப் பாதையை விட்டு இறங்கியது. கானில் கணுக்கால் வரை தண்ணீர். புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, புதுக் கோட்டு சொட்டச் சொட்ட நின்றேன். அவர் என்னைத் தாண்டி நான்கு அடி போய், திரும்பிப் பார்த்து, "குடை உடைந்துவிட்டதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றேன். "பிறகு ஏன் நனைகிறாய்?" என்றார். நான் அப்போதும் குடையை விரிக்கவில்லை. அவர் குழம்பிப்போய் நடந்துவிட்டார்.

பின்னால் வந்துகொண்டிருந்த நம்மவர்கள் குழம்பவில்லை. அன்று மத்தியானமே விடுதி முழுக்கச் செய்தி பரவியது. மறுநாள் காலையில் நான் அறையை விட்டு வெளியே வந்ததும் ஒருவன் நெஞ்சை நிமிர்த்தித் துரை மாதிரி நடந்து வந்தான். இன்னொருவன், "துரை வாறார், குடையைச் சுருக்கடாப்பா!" என்று கத்தினான். யாழ்ப்பாணத்துப் பையன்கள், கொழும்புப் பையன்கள், எல்லோருக்கும் நான் விடுமுறை வரும்வரை அந்தத் தவணை முழுவதும் வேடிக்கைப் பொருள் ஆனேன். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். அவர்கள்மேல் வந்திருக்க வேண்டிய கோபம், என்ன காரணமோ, தோட்டத்தின்மேல் வந்தது. அப்பாவின்மேலும் வந்தது. இனிமேல் செத்தாலும் எந்த வெள்ளைக்காரனுக்கும் குடையை மடக்குவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டேன்.

இதில் தப்பு ஒன்றும் இல்லைதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். சபதத்தில் தப்பில்லை. அதை எங்கே, யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறைவேற்றினேன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் விடுமுறைக்கு ரயிலில் குருவிட்டவுக்கு வந்து இறங்கினேன். ஸ்டேஷனுக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த சிங்களவர் என் சப்பாத்தையும் கோட்டையும் பார்த்துவிட்டு, "என்ன, மாத்தயா" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். போன வருடம்வரை என்னைக் "கொல்லா", பையா, என்று கூப்பிட்டவருக்கு இப்போது நான் ஐயா. எனக்குத் தலைக்கனம் ஏறியது. அப்பா குடையோடு வந்து காத்திருந்தார். என் பெட்டியை நான் கேட்கக் கேட்க விடாமல் அவரே தோளில் வைத்துக்கொண்டார். குடையை என் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் அதன் கீழே நடந்தோம்.

தோட்டத்துக்குள் நுழைந்து பாலத்தைத் தாண்டியதும் மழை வலுத்தது. வளைவில் குதிரைச் சத்தம் கேட்டது.

"தொரை வாறாரு. கொடைய மடக்கு தம்பி" என்றார் அப்பா. சொல்லும்போதே பெட்டியோடு கானோரம் இறங்கிவிட்டார்.

நான் மடக்கவில்லை. பாதை நடுவிலேயே குடையைப் பிடித்தபடி நின்றேன். "தம்பி" என்று அவர் மறுபடி கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதட்டல் இல்லை, கெஞ்சல்.

துரை குதிரையை நிறுத்தினார். என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைத்தான் பார்த்தார். தோட்டத்துத் தமிழில், "என்ன கணக்கப்பிள்ளை, ஒன் மகனுக்குக் கையி நோவா?" என்றார்.

அப்பா ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "காச்சலுங்க தொரை. கொழும்புலேருந்தே காச்சலோட வந்திருக்கான். நனையக் கூடாதுன்னு நாந்தாங்க கொடைய மடக்க வேணாம்னு சொன்னேன்."

பிழைக்கத் தெரிந்த மனிதர். எனக்கும் அவருக்கும் துரைக்கும், மூன்று பேருக்குமே கௌரவமான ஒரு வழியைத் திறந்துவிட்டார். துரையின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஐந்து நொடி. ஆனால் விடுதியில் ஒரு தவணை முழுக்கச் சிரித்தவர்கள் எல்லோரும் அந்த வளைவில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. என் தகப்பனார் சொல்வது உண்மையல்ல, எனக்குக் காய்ச்சல் ஏதுமில்லை, மழைக்காகத்தான் குடை பிடித்திருக்கிறேன் என்று திருத்தமான ஆங்கிலத்தில் துரையிடம் சொன்னேன். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. உச்சரிப்பும் நன்றாகவே இருந்தது.

துரை அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குதிரையைத் தட்டிவிட்டார். அப்பா கானிலிருந்து ஏறி வந்து, நனைந்த துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். வீடு போய்ச் சேரும்வரை நாங்கள் பேசவில்லை. அன்று இருந்த திமிரில் அந்த மௌனத்தைக்கூட நான் எனக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

விடுமுறை முழுவதும் இருக்காமல் ஐந்தாம் நாளே கொழும்புக்குத் திரும்பிவிட்டேன். படிப்பு இருக்கிறது என்றேன். உண்மையில் என் கதையைக் கேட்க விடுதிப் பையன்கள் வந்து சேருவார்கள் என்று காத்திருந்தேன். வந்தார்கள், சொன்னேன். குதிரையைச் சொன்னேன், மழையைச் சொன்னேன், என் ஆங்கிலத்தைச் சொன்னேன். அப்பாவின் காய்ச்சல் கதையை மட்டும் விட்டுவிட்டேன். முன்பு துரை வேடம் போட்டவனே என் முதுகில் தட்டினான். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. அந்த வருடம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

அப்பாவிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். நாங்கள் சுகம், இங்கே மழை அதிகம், நன்றாகச் சாப்பிடவும். நானும் இரண்டு வரி எழுதுவேன். வீட்டுக் கடிதம் திடீரென்று சுருங்கினால் எதையோ ஒளிக்கிறார்கள் என்று அர்த்தம். அதைப் படிக்கிற படிப்பு எனக்கு அப்போது வரவில்லை.

அடுத்த விடுமுறைக்குப் போனபோது ஸ்டேஷனுக்கு யாரும் வரவில்லை. நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து, எங்கள் வீட்டுப் படியேறினேன். கொடியில் எனக்குத் தெரியாத சேலை காய்ந்தது. உள்ளேயிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள்.

"யாருங்க வேணும்?"

"இது கணக்கப்பிள்ளை வீடுதானே?"

"ஆமாங்க. அவரு மலைக்குப் போயிருக்காரு" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்தவளாக, "பழைய ஐயா மகனா நீங்க? அவுங்க கீழ லயத்துக்குப் போயி அஞ்சு மாசமாச்சுங்களே" என்றாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொண்டுவரப் போனாள். நான் நிற்கவில்லை.

ஐந்து மாதம். விரலை மடக்கிப் பார்க்காமலே தெரிந்தது.

லயத்து அறையின் முன்னால் உள்ள ஒடுக்கமான இஸ்தோப்புத் திண்ணையில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஸ்டோர் காவல்காரருக்குக் கொடுக்கிற காக்கிக் கோட்டு பக்கத்தில் மடித்துக் கிடந்தது. அம்மா வீட்டில் இல்லை. கணக்கப்பிள்ளை மனைவியாகப் பல வருடம் வேலைக்குப் போகாமல் இருந்தவர் மறுபடி பால் வெட்டப் போயிருந்தார். அவர் வந்து என் கன்னத்தைத் தடவியபோது கையில் ரப்பர் பால் நாறியது. "படிக்கிற புள்ள மனசு கெட்டுப்போயிரும்னு ஒங்கப்பாதான் எழுத விடல" என்றார்.

நடந்ததை அப்பா ஒரு புகாரைப் போலச் சொல்லவில்லை. நான் குடை பிடித்து நின்றதற்கு மறுநாள் பெரட்டில், அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரிக்கிற இடத்தில், அத்தனை பேர் முன்னாலும் துரை அவரைப் பொய்யன் என்று சொல்லியிருக்கிறார். பொய்யனிடம் ஆட்களை ஒப்படைக்க முடியாது என்று அன்றைக்கே வேலையை மாற்றிவிட்டார். நான் ஊரில் இருந்த மிச்ச நாட்களில் அப்பா வழக்கம்போல விடியற்காலையில் கிளம்பிப் போய், எனக்குத் தெரியாமல் ஸ்டோரில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். நான் போன பிறகுதான் வீட்டைக் காலி செய்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் அவர் என்னைக் குறைசொல்வார், திட்டுவார், தாங்கிக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது எனக்கு அப்போதுகூட நினைவுக்கு வரவில்லை.

"எனக்கு ஒண்ணுதான் தம்பி வெளங்கல" என்றார். "நான் தமிழ்ல சொன்னது போதாதுன்னு நீயும் எனக்காக இங்கிலீசுல அவ்வளவு நல்லா எடுத்துச் சொன்ன. அப்பறமும் அந்த மனுசன் ஏன் நம்பல?"

சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும்.

"அவருக்குக் காது சரியில்ல போலப்பா" என்றேன்.

அப்பா ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் உயிரோடு இருந்தார், கடைசிவரை அந்த லயத்தில்தான். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், என் மகன் எனக்காகத் துரையிடம் இங்கிலீசில் வாதாடினான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சில சமயம் நான் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வார்.