ஜிக்கில் ஒட்டிய சந்தனம்

டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் என் விரல்களைப் பற்றிக் கவலைப்படாத ஆளே கிடையாது. "புருஷனுக்கு சென்ட்ரல் கவர்ன்மென்ட் உத்தியோகம். இவ போய் ரம்பத்துல கையை விடணுமா?" என்று பால் பூத் வரிசையில் பேசுவார்கள். எனக்குக் கேட்கட்டும் என்றே பேசுவார்கள். கேட்டது. பேசிவிட்டுப் போகட்டும். விரல் என்னுடையது.

எண்பதுகளின் நடுவில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும், கோட்லாவில் ஒரு சாமிபட ஃபிரேம் கடைக்கு நடந்துபோவேன். எனக்கு உப்புத்தாள் போடும் வேலை. ரம்ப மெஷின் கடைத் தச்சரான மிஸ்திரியுடையது. அவர் கண்ணளவில் குறிவைத்து வெட்டுவார். நாலு மூலையில் ஒன்றாவது வாயைப் பிளக்கும். மரத்தூளைப் பசையில் குழைத்து அந்த இடுக்கை அடைத்துத் தேய்ப்பது என் பாடு. அடைத்து அடைத்து என் நகமெல்லாம் பசை. "மிஸ்திரி கைவேலையைப் பார்" என்று வாங்குகிறவர்கள் மெச்சும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் முதலாளி லாலாஜியிடம் நேராகக் கேட்டுவிட்டேன். "ரம்ப மெஷினை என்கிட்ட கொடுங்க. அடைக்கிற வேலையே இருக்காது."

மிஸ்திரி சிரித்தார். எங்கள் பேச்செல்லாம் இந்தியில்தான். "பெஹன்ஜி, நீங்க வீட்டுக்குப் போய் ரொட்டியை வட்டமா போடுங்க."

"எனக்குத் தோசையே வட்டமா வராது, மிஸ்திரிஜி. மூலை வரும்."

லாலாஜிக்குச் சத்தம் பிடிக்காது. தீர்ப்புச் சொன்னார். தீபாவளி ஆர்டருக்காக தசராவன்று காலையில் கடை திறந்திருக்கும். அன்று நான் ஒரு ஃபிரேம் போட வேண்டும். அடைப்பில்லாமல் நாலு மூலையும் மூடினால் மெஷின் எனக்கு. இல்லையென்றால் உப்புத்தாள்தான், மெஷின் பேச்சையே எடுக்கக் கூடாது. சரி என்றேன். வாய்க்கொழுப்பு என்று உங்களுக்குத் தோன்றினால் தோன்றட்டும்.

மிஸ்திரி மத்தியானம் தூங்கும் நேரத்தில், சட்டத்தைச் சரியான சாய்வில் பிடித்து வெட்டுவதற்கான பலகையை, ஜிக்கை, தயார் செய்தேன். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரம்பத் தட்டில் ஒரு பல்லுக்குச் சாக்பீஸால் குறி வைத்தேன். மெஷின் மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் நீளமாக ஓடும் பள்ளத்திலிருந்து அந்தப் பல் வரைக்கும் முன்பக்கம் அளந்தேன். தட்டைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளந்தேன். அரை நூல் வித்தியாசம்! இத்தனை வருஷமாகத் தட்டே கோணலாக ஓடியிருக்கிறது. போல்ட்டைத் தளர்த்தி, கட்டையால் தட்டித் தட்டி நேராக்கினேன்.

அப்புறம் ஒரு பிளைவுட் பலகை. அதன் அடியில் பள்ளத்தில் ஓட இரண்டு மெல்லிய ரீப்பர் கட்டை. இறுக்கமாக இருந்ததால் மெழுகுவத்தி தேய்த்தேன். பலகையின் மேல், தட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு சாய்வுக் கட்டைகள். ஃபிரேம் சட்டத்தை இவற்றின்மேல் சாய்த்துத்தான் வெட்ட வேண்டும். இரண்டு கட்டைகளுக்கும் நடுவே மூலைமட்டம் இம்மி பிசகாமல் உட்கார வேண்டும்; உட்கார்ந்தால் இடதில் வெட்டிய துண்டும் வலதில் வெட்டிய துண்டும் சேர்ந்து மூலையை மூடிவிடும். ஒரு திருகு போட்டு வெட்டிப் பார்ப்பேன், நகர்த்துவேன், மறுபடி வெட்டுவேன். நவமியன்று மத்தியானம் துண்டுகள் கச்சிதமாகச் சேர்ந்தன. அப்படியே திருகி இறுக்கிவிட்டேன்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேராக என் வீட்டுக்காரர் கடைக்கு வந்து நின்றார். கையில் சந்தனக் கிண்ணம், குங்குமம், பூ.

"ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்காத மெஷின்ல நாளைக்கு நீ கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

பயம் அவருக்கு. மேசை, மோட்டார், ஜிக் என்று கை போன இடமெல்லாம் சந்தனத்தை அப்பினார். நான் தடுக்கவில்லை.

மறுநாள் காலை வெட்டினேன். துண்டுகளைச் சேர்த்து வைத்தேன். நாலு மூலையும் பல்லிளித்தது.

மிஸ்திரி பசைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "இந்தாங்க பெஹன்ஜி, உங்க சாமான்."

அழுகை முட்டியது. அழுதால் அதையும் ரசிப்பார் என்று விழுங்கிக்கொண்டேன். துண்டுகளைப் பொறுக்கும்போதுதான் பார்த்தேன், வலது பக்கம் வெட்டிய ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சிவப்புத் தீற்றல். குங்குமம்! குனிந்து பார்த்தால், வலது கட்டையில் சட்டம் சாயும் உள்பக்கத்தில், எட்டணா அகலத்துக்குச் சந்தனப் பொட்டு, காய்ந்து கல்லாகி, சட்டத்தைக் கட்டையில் ஒட்டவிடாமல் தள்ளியிருந்தது. அட என் மனுஷா!

கத்தியால் சுரண்டினேன். "சான்ஸ் முடிஞ்சுபோச்சு" என்றார் மிஸ்திரி.

"ஒரு ஃபிரேம்னுதானே பேச்சு? இன்னும் பசையே போடலை, அது எப்படி ஃபிரேம் ஆகும்?" என்றேன். லாலாஜி தாடியைத் தடவிக்கொண்டு, வெட்டு என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அதே துண்டுகளைக் கொஞ்சம் குறைத்து வெட்டிச் சேர்த்தேன். லாலாஜி மூலைகளில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். ஃபிரேமை வாசல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். இடுக்கு இருந்தால்தானே வெளிச்சம் வர! "மெஷின் இவங்களுக்கு" என்றார்.

"அப்படின்னா இனி மெஷின்ல பூஜை கீஜை கிடையாது" என்றார் மிஸ்திரி. அவர் கண்ணெதிரே, மோட்டார் மூடியில் அழிந்திருந்த பொட்டின் மேல் இன்னொரு பொட்டு வைத்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னால், "பாத்தியா? பூசை போட்டதாலதான் மூடுச்சு" என்கிறார் என் வீட்டுக்காரர். அவரை என்ன செய்வது?

தீபாவளிக்கு மறுநாள், அந்தப் பக்கத்துத் தச்சர்கள் கருவிகளுக்குச் செய்யும் விஸ்வகர்மா பூஜை. மிஸ்திரி தட்டோடு ஒவ்வொரு சாமானுக்கும் திலகம் வைத்துக்கொண்டே வந்தார். ரம்ப மெஷினுக்கு முன்னால் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பெஹன்ஜி, எங்க வைக்கட்டும்?"

"மூடியில வைங்க" என்றேன். "ஜிக்கைத் தொட்டா கையை ஒடிச்சிருவேன்."