ஒருவரும் நிரப்பாத படிவம்

பருவ முடிவில் மாணவர்களிடம் இணையத்தில் ஃபீட்பேக் வாங்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். லிங்க்கை வகுப்புக் குழுவில் போட்டால் போதும், பிள்ளைகள் நிரப்பிவிடுவார்கள் என்றார் முதல்வர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மற்ற பாடங்களுக்கு எப்படியோ வந்துவிட்டன. புள்ளியியலுக்கு மட்டும் ஒன்றுகூட வரவில்லை. அதை நடத்தியவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். கணக்கென்றாலே முகம் சுளிக்கும் எங்கள் வணிகவியல் மாணவர்களை, மணி அடித்த பிறகும் உட்கார்ந்து சந்தேகம் கேட்க வைத்த பெண். பாதி வகுப்பாவது ஃபீட்பேக் தராவிட்டால் அவருடைய பணி நீட்டிப்புக் கோப்பு நகராது. அப்படி ஒரு விதி.

நானும் ஒரு வாரம் தினமும் கெஞ்சினேன். “எஸ்டேட்ல சிக்னலே இல்லீங்க மிஸ்” என்றார்கள். பனிமூட்டத்தைப் படமெடுத்து விடிந்ததும் ஸ்டேட்டஸ் வைக்க மட்டும் எல்லா எஸ்டேட்டிலும் சிக்னல் இருக்கிறது! நான் நினைவூட்டும் போதெல்லாம் குழுவில் வரிசையாகக் கட்டைவிரல் வரும். படிவம் வராது.

கடைசி நாள். ஐந்து மணிக்குப் போர்ட்டல் மூடிவிடும். மதியம் வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

“அந்த மிஸ் மேல உங்களுக்கு என்னதான் கோபம்?”

அரவேணுவிலிருந்து வரும் வகுப்புத் தலைவி எழுந்தாள். “கோபமெல்லாம் இல்லீங்க மிஸ். அவிங்க நல்லா நடத்தறாங்க. ஒரு குறையும் இல்ல. அப்பறம் எதுக்குங்க எழுதிப் போட்டு மாட்டி உடறது?”

மொத்த வகுப்பும் தலையாட்டியது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரமாக இவர்கள் சோம்பேறிகள் என்று நான் திட்டிக்கொண்டிருக்க, இவர்கள் அந்தப் பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்களாம்.

“நீங்க எழுதலைன்னா அடுத்த வருஷம் அவங்க இங்க இருக்க மாட்டாங்க!” என்று கத்தினேன். பக்கத்து வகுப்பும் அமைதியாகிவிட்டது.

அதன் பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிக்னல் கிடைக்கும் நூலக வராந்தாவுக்கு எல்லோரும் ஓடினார்கள். ஸ்வெட்டர் கைகள் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றன. “அஞ்சு ஸ்டாரும் போட்டுறட்டுங்களா மிஸ்?” என்று ஒருத்தன் கேட்டான். “என்னைக் கேட்டா போடுவே? உனக்குத் தோணுறதைப் போடுடா” என்று அவன் மேலும் எரிந்து விழுந்தேன். நாலரை மணிக்குள் முக்கால்வாசிப் பேர் முடித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் கோப்பு இனி நகரும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

துறைத் தலைவரிடம் கொடுக்கப் பட்டியல் எடுத்தபோதுதான் என் பாடத்தின் வரியைக் கவனித்தேன். லிங்க் போட்ட அன்று மாலையே நிரம்பியிருந்தது. ஓர் ஆள் பாக்கியில்லை.

வராந்தாவில் பையை மாட்டிக்கொண்டிருந்த தலைவியிடம் போனேன்.

“என் பாடத்துக்கு எல்லாரும் எழுதியிருக்கீங்களே, என்ன எழுதினீங்க?”

அவள் தோழிகளைப் பார்த்தாள். தோழிகள் தரையைப் பார்த்தார்கள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க மிஸ்” என்று படியிறங்கினாள்.

பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.